கரண்ட் போனா கெமராவும் போகுது: அம்மா தனியா இருக்கிற வீட்டுக்கு எவ்வளவு பெட்டரி வேணும்?

கொட்டகலை மகள்

வணக்கம். நான் கொழும்பில வேலை பார்க்கிறேன். அம்மா கொட்டகலையில தனியா இருக்காங்க. தேயிலை மலையை ஒட்டின வீடு. கூப்பிட்டா பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். ஆனா மழை பிடிச்சிட்டா தகரத்துச் சத்தத்தில ஒண்ணும் கேட்காது. அதனாலதான் ரெண்டு வருசத்துக்கு முன்ன 4 கெமரா, படத்தைப் பதியிற டி.வி.ஆர் பெட்டி ஒன்னு, கதவுக்கு சென்சர் வச்ச அலாரம் எல்லாம் போட்டோம். போட்டுக் கொடுத்தவர், கரண்ட் போனா பெட்டரியில ஓட வைக்கிற 650 வி.ஏ. யு.பி.எஸ் ஒன்னும் வச்சு, நாலு மணித்தியாலம் தாங்கும்னு சொன்னார்.

போன கிழமை ராத்திரி பத்தே முக்காலுக்குக் கரண்ட் போச்சு. நான் போன்ல பார்த்துக்கிட்டே இருந்தேன். 11.10க்கு நாலு படமும் ஒரே நேரத்தில நின்னுடுச்சு. அம்மாவுக்குக் கோல் எடுத்தா பதில் இல்ல. விடிய அஞ்சரைக்குத்தான் எடுத்தாங்க. போனை குசினியில வச்சிட்டுத் தூங்கிட்டாங்களாம். அந்த ஆறு மணித்தியாலம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ராத்திரி முழுக்கத் தாங்கணும். 8 மணித்தியாலமாவது. பெரிய யு.பி.எஸ் வாங்கிறதா, கார் பெட்டரியும் இன்வர்ட்டரும் போடுறதா? கெமரா ஒவ்வொன்னிலயும் 12 வோல்ட், 4 வோட்னு ஒட்டியிருக்கு. டி.வி.ஆர் அடப்டரில 12 வோல்ட், 2 அம்பியர். இன்டர்நெட் ரவுட்டரும் 12 வோல்ட்தான். இன்னொன்னு, பின்பக்கக் கெமரா கரண்ட் இருக்கும்போதே ராத்திரியில விட்டு விட்டு அணைஞ்சு அணைஞ்சு வருது. பகல்ல ஒரு பிரச்சினையும் இல்ல.

பழைய ஃபெக்டரி எலக்ட்ரீஷியன்

தங்கச்சி, பெட்டரி வாங்கிறதுக்கு முன்ன, ப்ளக்கில மாட்டிப் பார்க்கிற வோட் மீட்டர் ஒன்னை வாங்குங்க. ஸ்டிக்கரில இருக்கிறது ஆகக்கூடின அளவு, உண்மையா இழுக்கிறது வேற. ராத்திரியிலதான் அளக்கணும், ஏன்னா கெமராவோட இன்ஃப்ராரெட் லைட் இருட்டினாத்தான் எரியும்.

மீட்டர் வர்ற வரைக்கும் மதிப்பாச் சொல்றேன். 4 கெமராவுக்கு 16 வோட், ஹார்ட் டிஸ்க்கோட டி.வி.ஆருக்கு 10, ரவுட்டருக்கு 9. மொத்தம் 35. எட்டு மணித்தியாலத்துக்கு 280 வோட்-அவர்.

இப்ப உங்க யு.பி.எஸ்ஸைப் பாருங்க. இந்த அளவுப் பெட்டிக்குள்ள வழக்கமா 12 வோல்ட், 7 அம்பியர்-அவர் பெட்டரி ஒன்னுதான் இருக்கும். பெருக்கினா 84 வோட்-அவர். ஆனா அந்த 7 கிடைக்கிறது 20 மணித்தியாலமா மெதுவா, 0.35 அம்பியர் கணக்கில எடுத்தாத்தான். நீங்க அதைப் போல பத்து மடங்கு இழுக்கிறீங்க, அப்ப அதே பெட்டரி 55, 60தான் தரும். அதுக்கு மேல, யு.பி.எஸ் 12ஐ 230 ஆக்குது, உங்க அடப்டர் அதையே திரும்ப 12 ஆக்குது. ரெண்டு இடத்திலயும் சூடா வீணாப் போகுது. புதுசா இருந்தாலே ஒரு மணித்தியாலம்தான். ரெண்டு வருசப் பழசு 25 நிமிசம் ஓடினது பெரிய விசயம். நாலு மணித்தியாலம்னு சொன்னவர் கணக்குப் பார்க்கல.

அதனால என் எண்ணம்: 230ஐ விடுங்க. உங்க சாமான் எல்லாமே 12 வோல்ட். பெட்டரியில இருந்து நேரா கொடுங்க. ஆனா நேரான்னா வெறும் வயரை முறுக்கிறதில்ல. நான் சொல்றது லித்தியம் அயன் (இரும்பு) பொஸ்பேட் பெட்டரி. அது சார்ஜ் ஏறும்போது 14.4 வோல்ட் வரைக்கும் போகும், இறங்கினா 12க்குக் கீழ வரும். நடுவில, உள்ள வர்றது கூடினாலும் குறைஞ்சாலும் 12 வோல்ட்டே விடுற கன்வர்ட்டர் ஒன்னு கட்டாயம். அந்தப் பெட்டரிக்குன்னே உள்ள சார்ஜரும் வேணும்.

50 அம்பியர்-அவர் எடுத்தா, இந்தப் பெட்டரிக்கு 12.8 வோல்ட் கணக்கில 640 வோட்-அவர். 80 சதவீதம் பாவிச்சா 512, கன்வர்ட்டரில ஒரு 10 சதவீதம் கழிச்சா 460. 35ஆல பிரிங்க, 13 மணித்தியாலம். எட்டுக்கு இது கூடத்தான். 2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினதை மறக்காதவன் நான், அதனால கூட வைக்கச் சொல்றேன்.

கார் பெட்டரி வேணாம். அது வண்டி ஸ்டார்ட் பண்ண சில செக்கன் நிறையத் தர்றதுக்குச் செய்தது. ஒவ்வொரு தடவையும் அடி வரைக்கும் இறக்கினா சீக்கிரம் செத்துப்போகும். ஈயப் பெட்டரிதான் முடியும்னா ஆழமா இறக்கிப் பாவிக்கிறதுக்குன்னே செய்த டீப் சைக்கிள் 65 அம்பியர்-அவர் எடுங்க, பாதிக்கு மேல இறக்காதீங்க. நம்ம குளிருக்கும் அது கொஞ்சம் குறைச்சுத்தான் தரும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும், அம்மா படுக்கிற அறையில வைக்கவே கூடாது. லித்தியத்தைப் பனி உறையிற குளிரில சார்ஜ் பண்ணக்கூடாது. அதனால வெளியில வைக்காம வீட்டுக்குள்ளயே வைங்க.

பின்பக்கக் கெமரா: வயர் 30 மீற்றர் போல இருக்குமே? மெல்லிய வயர்தானே? பகல்ல கெமரா கொஞ்சம்தான் இழுக்கும். இருட்டினதும் இன்ஃப்ராரெட் எரியும், வயரில வோல்ட் விழும், கெமரா அணைஞ்சு திரும்ப எழும்பும், திரும்ப லைட் எரியும், திரும்ப விழும். விடிய விடிய இதுதான் நடக்கும். தடிச்ச வயர் போடுங்க.

கடைசியா, எனக்கு முக்கியமானது. கெமரா நீங்க பார்க்கிறதுக்கு. அம்மாவை எழுப்புறது சைரன். அலாரம் பெட்டியைத் திறந்து உள்ள இருக்கிற சின்னப் பெட்டரியைப் பாருங்க. கரண்ட்டை நிப்பாட்டிட்டு சைரனை அடிக்க விட்டுப் பாருங்க. சிம் போடுற மொடலா இருந்தா பக்கத்து வீட்டு நம்பரையும் சேருங்க.

வெலிமடைப் பக்கம்

அண்ணன் சொன்னதோட ஒன்னு. 2025 நவம்பர் டித்வா புயலுக்கு எங்க வீட்டுல பெட்டரி நல்லா இருந்தது, கெமரா ஓடிக்கிட்டு இருந்தது. ஆனா போன் டவர் இல்ல. கட்டாரில இருக்கிற என் சொந்த அண்ணனால பார்க்கவே முடியல. டவருக்கும் பெட்டரிதானே, அதுவும் தீரும். பல நாள் இருட்டுக்குப் பெட்டரி வாங்கிக் கட்டுப்படாது தங்கச்சி. அந்த மாதிரி மழைக்கு அம்மாவை முதல்லயே யார் வீட்டுக்காவது கூட்டிட்டுப் போயிருங்க, மண் சரியிற இடத்தில கெமரா என்ன செய்யும். சோலர் நினைச்சா, மழை மாசத்தில மூட்டத்துக்குள்ள பெனல் சொன்ன அளவில கொஞ்சம்தான் தரும்னு கணக்கு வைங்க.

கொட்டகலை மகள்

மூணு கிழமை கழிச்சு எழுதுறேன். மீட்டரில பகல் 31, ராத்திரி 44 வந்துச்சு. 44ஐப் பார்த்துப் பயந்தேன்.

பழைய ஃபெக்டரி எலக்ட்ரீஷியன்

அது சுவர்ப் பக்கத்துக் கணக்கு. அடப்டர் சூட்டைக் கழிச்சா 35தான். பயம் வேணாம்.

கொட்டகலை மகள்

ஆமா அண்ணா, சரியா இருந்துச்சு. 50 அம்பியர்-அவர் லித்தியம், கன்வர்ட்டர், சார்ஜர் மூணும் போட்டாச்சு. சனிக்கிழமை வீட்டுக்குப் போய் பின்னேரம் 6க்கு மெயின் சுவிட்சை இறக்கிட்டு அம்மாவோட மெழுகுதிரியில உட்கார்ந்திருந்தேன். காலை 7க்கும் நாலு கெமராவும் ஓடுது. பெட்டரியில 12.8 வோல்ட்.

பின்பக்கத்துக்குத் தடிச்ச வயர் இழுத்த பிறகு அந்தக் கெமரா ஒரு தடவைகூட அணையல.

அலாரம் பெட்டியைத் திறந்தா, உள்ள இருந்த பெட்டரி வயிறு வீங்கி, மூலையில பிளந்து, டேர்மினல் பச்சை பூத்துப் போயிருந்தது. கரண்ட் போன அந்த ராத்திரி யாராவது கதவை உடைச்சிருந்தா சைரன் அடிச்சிருக்காது. பார்த்ததும் கை நடுங்கிடுச்சு. புதுசு மாத்தியாச்சு. செய்தி பக்கத்து வீட்டு மாமா போனுக்கும் போகுது.

பழைய ஃபெக்டரி எலக்ட்ரீஷியன்

நல்லது. பெட்டரி பிளஸ் பக்கத்தில பியூஸ் போட்டீங்களா?

கொட்டகலை மகள்

போட்டாச்சு அண்ணா, 7.5 அம்பியர், டேர்மினலில இருந்து ஒரு சாண் தூரத்திலயே. கூட ரெண்டு பியூஸ் வாங்கி அம்மாவோட தீப்பெட்டி டின்னுக்குள்ள வச்சிருக்கேன்.