மருந்தே அதிகம் இல்லாத இடத்தில் எதிர்ப்பு எப்படிப் பரவியது?

நண்பர்களே, வைரஸ்களின் மருந்தெதிர்ப்பு பற்றி வகுப்பெடுக்கத் தயாராகிறேன். ஓரிடத்தில் முட்டி நிற்கிறேன்.

அடிப்படை சரி. எச்ஐவி தன் மரபணுவை நகலெடுக்கும்போது பிழை திருத்துவதில்லை. எண்ணற்ற நகல்களில் ஏதோ ஒன்று மருந்துக்குத் தப்பும், மற்றவை அடங்கியதும் அதுவே பெருகும். 1987இல் வந்த ஏஇசட்டி என்ற எச்ஐவி மருந்தைத் தனியாகக் கொடுத்தபோது பலன் நீடிக்காததும், பிறகு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கியதும் அதனால்தான். ஹெர்பிஸ் இன்னும் கெட்டிக்காரன். அதற்கான மருந்தான அசைக்ளோவிர் வேலைசெய்ய வைரஸின் தைமிடின் கைனேஸ் நொதியே அதை முடுக்கிவிட வேண்டும். பல சமயம் அந்த நொதியையே வைரஸ் கைவிட்டுவிடுகிறது!

குழப்பம் இன்ஃபுளுயன்ஸாவில்தான். ஓசெல்டாமிவிர் என்ற ஃப்ளூ மருந்தை எதிர்க்கும் எச்275ஒய் என்ற மரபணு மாற்றம் வைரஸைப் பலவீனப்படுத்தும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஆனால் 2007-08இல் பருவகால எச்1என்1 வைரஸில் அது வேகமாகப் பரவியது, அதுவும் அந்த மருந்தை அதிகம் பயன்படுத்தாத நார்வேயில்கூட. வேறு மாற்றங்கள் பலவீனத்தை ஈடுகட்டின என்று படித்தேன். அவை முன்பே வந்து வழிவிட்டனவா, பின்னால் வந்து தாங்கிப் பிடித்தனவா?

அப்புறம், இதை விளக்க நல்ல உவமை இருந்தால் சொல்லுங்கள். நான் பூட்டு, சாவி என்று தொடங்கி மாட்டிக்கொண்டேன்.