மறு: பப்ளிக் ஹியரிங் – ‘பொது விசாரணை’ சரிதானா?

அண்ணாச்சிக்கும் குழு நண்பர்களுக்கும் வணக்கம்.

பப்ளிக் ஹியரிங் என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது என்று நான் கேட்டதற்கு, ‘பொது விசாரணை என்று போட்டுவிட்டுப் போங்கள், இதில் யோசிக்க என்ன இருக்கிறது’ என்று நேற்று எழுதியிருந்தீர்கள். போன வாரம் வரை நானும் அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு துறைமுக ஒப்பந்த வரைவைத் தமிழாக்கும்போதுதான் மாட்டிக்கொண்டேன். முற்பகுதியில் ஒரு நிபந்தனை: சுற்றுச்சூழல் அனுமதிக்கு முன் பப்ளிக் ஹியரிங் நடந்திருக்க வேண்டும். கடைசிப் பகுதியில் இன்னொன்று: தகராறு வந்தால், நீதிமன்றத்துக்குப் பதிலாகத் தரப்பினர் அமர்த்தும் நடுவர் முன் நடக்கும் ஹியரிங் பப்ளிக்காக இருக்கக் கூடாது. இரண்டையும் பொது விசாரணை என்றே எழுதி அனுப்பினேன். படித்துப் பார்த்த தக்கலை வக்கீல் போனில் பிடித்துக்கொண்டார். “மொதல்ல வேணும்னு சொல்லுதிய, பொறவு கூடாதுன்னு சொல்லுதிய. நாங்க எதுல ஒப்பு போட?”

அவர் கேட்டது நியாயம்தான். முதல் இடத்தில் பேசுகிறவர்கள் ஊர்க்காரர்கள், கேட்டுக்கொள்வது அரசு. இரண்டாவது இடத்தில் பேசுவது ஒப்பந்தத் தரப்பினர். கதவு திறந்திருந்தால்கூட, ஊர்க்காரர் போனால் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம், வாய் திறக்க முடியாது. ஆங்கிலம் இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கட்டிவிட்டது. நாமும் அப்படியே கட்ட வேண்டும் என்று என்ன கட்டாயம்?

இரண்டாவது வகைக்குச் சொல் தேடுவது எளிது. ஐ.நா.வின் பன்னாட்டு வணிகச் சட்ட ஆணையம் 2010இல் திருத்திய நடுவர் விதிகளின்படி, தரப்பினர் வேறுவிதமாக ஒத்துக்கொண்டால் ஒழிய விசாரணை மூடிய கதவுக்குள்தான். அதே ஆணையம் முதலீட்டு உடன்படிக்கைத் தகராறுகளுக்காக, அதாவது அயல்நாட்டு முதலீட்டாளருக்கும் அரசுக்கும் இடையிலானவற்றுக்காக, 2014இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த வெளிப்படைத்தன்மை விதிகள் இதைத் தலைகீழாக்கின: ரகசியத் தகவல் போன்ற விலக்குகள் போக, விசாரணை எல்லோரும் பார்க்க நடக்க வேண்டும். நம் நாட்டு நடுவர் சட்டத்தில் 2019 திருத்தம் 42ஏ பிரிவைச் சேர்த்து ரகசியத்தின் பக்கம் சாய்ந்தது. ஆக, இங்கே கேள்வி கதவு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதுதான். ‘திறந்த விசாரணை’ போதும். இலங்கை நண்பர்கள் ‘பகிரங்க விசாரணை’ என்பார்கள். அதுவும் எனக்குச் சம்மதமே.

முதல் வகையில்தான் சிக்கல். விசாரணை என்ற சொல்லில் போலீஸ் வாடை அடிக்கிறது. கல்குவாரி அறிவிப்பு ஒன்றை எங்கள் ஊர் டீக்கடையில் ஒருவர் வாசித்துக்காட்ட, பக்கத்தில் நின்ற பாட்டி ‘யார் மேல கேசு?’ என்று கேட்டார். அதிலிருந்து அந்தச் சொல்லை அங்கே எழுத எனக்குக் கை வருவதில்லை.

மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம்’ மக்களுக்குப் பழகிய சொல். 2024இல் குமரி மாவட்டக் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் அணுக்கனிம மணல் எடுக்கும் திட்டத்துக்காகப் பத்மநாபபுரத்தில் அக்டோபர் 1 அன்று நடக்கவிருந்து தள்ளிப்போனதே, அதைக் கடற்கரை முழுக்க ‘கருத்துக்கேட்பு’ என்றுதான் பேசினார்கள். பிறகு ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்பீர்கள். ஒன்றிய அரசின் 2006 செப்டம்பர் 14 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையைப் பாருங்கள். அதில் பப்ளிக் கன்சல்டேஷன், அதாவது மக்களைக் கலந்தாலோசிப்பது, என்பது பெரிய வட்டம். எழுத்தில் அனுப்பும் கருத்துகளும் அதற்குள் வரும். திட்டப் பகுதியில் முகம் பார்த்து நடக்கும் ஹியரிங் அதில் ஒரு பகுதிதான். 2025 செப்டம்பரில் அணுக்கனிமச் சுரங்கங்களுக்கு ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்கு கொடுத்தபோது போனது பெரிய வட்டம் முழுவதும். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு அந்தச் செய்தியைத் தமிழில் எழுதினால், போனது கூட்டமா, கடிதம் போடும் வாய்ப்பும் சேர்த்தா என்று வாசகருக்குப் புரியாது. கருத்துக்கேட்பைப் பெரிய வட்டத்துக்கு விட்டுவிடலாம்.

பாறசாலை தாண்டினால் மலையாளத்தில் இதற்குப் ‘பொது தெளிவெடுப்பு’. அவர்களுக்குத் தெளிவு என்றால் சாட்சியம். மீனவர் சொல்வது அபிப்பிராயம் அல்ல, சாட்சியம் என்கிற மதிப்பு அந்தச் சொல்லிலேயே இருக்கிறது; கொஞ்சம் பொறாமைதான். நாம் கடன் வாங்கினால் ரசம் தெளிவெடுக்கிற நினைப்பு வந்துவிடும்.

என் பரிந்துரை ‘மக்கள் நேர்கேட்பு’. நேர்காணல் பழகிவிட்ட காதுக்கு இது புதிதாகப் படாது. கேள் என்ற வேருக்குக் காதால் கேட்பது, கேள்வி கேட்பது, சொன்னபடி நடப்பது என்று மூன்று பொருள். நம்மூரில் ஒவ்வொரு பேச்சின் வாலிலும் ‘கேட்டியளா’ ஒட்டிக்கொண்டு வருகிறதே, அதிலும் முதலும் மூன்றும் கலந்துதான் இருக்கின்றன. இந்தக் கூட்டத்துக்கு முதல் இரண்டும் பொருந்தும். குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு, வீடியோ பதிவு, பேசியதை எழுதி முடிவில் உள்ளூர் மொழியில் விளக்கி வாசித்துக்காட்டுவது எல்லாம் 2006 அறிவிக்கையின் விதியில் உண்டு. எழுந்த முக்கியமான சுற்றுச்சூழல் கவலைகளுக்குத் திட்டக்காரர் இறுதி அறிக்கையில் பதில் சொல்லவும் வேண்டும். மூன்றாவது பொருளுக்குத்தான் விதியில் இடமில்லை: வாக்கெடுப்பு கிடையாது, இத்தனை பேர் வந்தாக வேண்டும் என்ற குறைந்தபட்ச எண்ணிக்கையும் கிடையாது.

‘பொது மன்றாட்டு’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். மன்றத்தில் ஆடுவது, அதாவது வாதாடுவது என்ற அழகு எனக்கும் பிடிக்கிறது. ஆனால் குளச்சலிலோ முட்டத்திலோ அந்தப் பெயரில் நோட்டீஸ் ஒட்டினால், முக்காடு போட்டு ஜெபமாலையோடு வந்து முழந்தாளிடுவார்கள்.

ஒப்பந்தத்தில் இப்படி மாற்றியிருக்கிறேன்: ‘மக்கள் நேர்கேட்பு உள்ளிட்ட நடைமுறைகள் முடிந்து சுற்றுச்சூழல் அனுமதி கிடைப்பது இவ்வொப்பந்தம் நடைமுறைக்கு வருவதற்கான முன்நிபந்தனை.’ இதில் ஒரு சங்கதி. செலவும் தாமதமும் யார் தலையில் என்பதைத்தான் இரு தரப்பும் தங்களுக்குள் பேசி முடிக்க முடியும். நேர்கேட்பே வேண்டாம் என்று அவர்கள் ஒப்பந்தம் போட முடியாது, அது கையெழுத்துப் போடாத மூன்றாமவரின் உரிமை. அதனால் ‘நடத்தலாம்’ என்றோ ‘தேவைப்பட்டால்’ என்றோ மொழிபெயர்ப்பில் நழுவிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். என் முதல் வரைவில் ஒரு ‘தேவைப்பட்டால்’ நழுவியிருந்தது. நல்லவேளை, வக்கீல் சிவப்பு மையால் அடித்துவிட்டார்.

வினையாக ‘நேர்கேட்பு நடத்தினார்’ என்று எழுதுகிறேன். ‘நேர்கேட்டார்’ என் காதுக்கு ஒட்டவில்லை. உங்களுக்கு எப்படிப் படுகிறது, அண்ணாச்சி?