அமெச்சூர் வானொலிக் கொன்டெஸ்ட் முடிந்தபிறகு வரும் கார்டுகளுக்கெல்லாம் பதில் போடவேண்டுமா?

தெஹிவளை புதுசு:
ஒக்டோபர் சி.கியூ. வேர்ல்ட் வைட் வொய்ஸ் கொன்டெஸ்டில் முதன்முறையாக இருந்தேன். மொட்டைமாடியில் வெறும் டைபோல் கம்பி அன்டெனாதான். ஆனாலும் ஃபோர் எஸ் செவன் என்று இலங்கைக் கோல்சைனை (நிலைய அடையாளக் குறி) தொடங்கியதும் ஜப்பானும் ஐரோப்பாவும் வரிசைகட்டி நின்றார்கள். இப்போது தபாலில், பேசியதை உறுதிசெய்யும் கியூ.எஸ்.எல். கார்ட் வரத் தொடங்கியிருக்கிறது. சிலவற்றுக்குள் டொலர் தாள், சிலவற்றுக்குள் ஒன்றுமேயில்லை. பேசியதோ "ஃபைவ் நைன், டுவென்டி டூ" என்று சிக்னல் தரமும் வலய எண்ணும், மூன்று விநாடி. இதற்கும் கார்ட் போடத்தான் வேண்டுமா? போடாவிட்டால் அவர்களுக்குப் புள்ளி குறையுமா?

வெள்ளவத்தைக் கிழவன்:
தம்பி, புள்ளிக்கும் கார்டுக்கும் சம்பந்தமில்லை. நடத்துகிறவர்கள் வந்த லொக்குகளை (யாரோடு எப்போது பேசினோம் என்ற பதிவுகளை) ஒன்றோடொன்று ஒப்பிட்டுத்தான் புள்ளி போடுகிறார்கள். கார்ட் கேட்கிறவன் டி.எக்ஸ்.சி.சி. போன்ற விருதுக்குக் கேட்கிறான். உமக்கு மூன்று விநாடி. 100 நாடு சேர்க்கிறவனுக்கு 20 மீற்றர் அலைப் பாண்டில் இலங்கை கிடைத்த நாள் அது.

எல்லாருக்கும் முந்திக்கொண்டு அனுப்பத் தேவையில்லை. லொக்கை அப்படியே லொக்புக் ஒஃப் த வேர்ல்ட் என்ற இணையப் பதிவேட்டில் ஏற்றிவிடும், பலர் அதோடு திருப்திப்பட்டுவிடுவார்கள். ஈ-கியூ.எஸ்.எல். என்ற இணையக் கார்ட் மட்டும் போதாது, டி.எக்ஸ்.சி.சி.க்கு அதை எடுக்கமாட்டார்கள். ஆனால் காகிதத்தில் கேட்டவனுக்குக் காகிதத்தில்தான் பதில், அதில் கஞ்சத்தனம் கூடாது. முத்திரைக்காசு வைத்தவனுக்கு நேரே தபாலில், வைக்காதவனுக்கு, கார்டுகளைச் சேர்த்து நாடுநாடாக அனுப்பும் சங்கத்து பியூரோ வழியாக. பியூரோ ஆறுதலாகத்தான் போகும், போகட்டும். டொலரில் மிச்சம் வந்தால் காசில்லாமல் எழுதின ஒரு பள்ளிக்கூடப் பையனின் பதிலுக்கு முத்திரை ஒட்டும்.

திகதியில் கவனம். ஞாயிறு விடியப்புறம் 3 மணிக்குப் பேசியது கார்டில் உலகப் பொதுநேரப்படி (யூ.டி.சி.) சனிக்கிழமை 21:30. இதைப் பிழையாக எழுதின கார்ட் என் பெட்டியில் எத்தனையோ கிடக்கிறது. பிழைத்தால் வெட்டி எழுதாமல் புதுக்கார்ட் எடும், வெட்டுக்கொத்துள்ள கார்டை விருதுக்காரர் தள்ளிவிடுவார்கள். உறைக்கு வெளியே கோல்சைன் எழுதவும் வேண்டாம். உள்ளே டொலர் இருக்கும் என்று தெரிந்தவனுக்கு அது அழைப்பிதழ்.

மட்டக்குளி மோர்ஸ்:
கொன்டெஸ்ட் நடக்கும்போதே "கார்ட் அனுப்புங்கோ" என்று மைக்கில் கேட்பதையும் விட்டுவிடுங்கோ. பின்னால் பத்துப்பேர் கத்திக்கொண்டு நிற்பார்கள். எந்த வழியாகக் கார்ட் வேண்டும் என்று கியூ.ஆர்.இசட். இணையத்தளத்தில் உங்கள் பக்கத்தில் எழுதி வைத்தால் சரி.

தெஹிவளை புதுசு:
நன்றி ஐயா. இன்னொன்று. ஒரு ஜேர்மன்காரரின் கார்டில் நேரம், பாண்ட் எல்லாம் ஒத்துப்போகிறது, ஆனால் என் லொக்கில் அவருடைய கோல்சைனின் கடைசி எழுத்து வேறு. அனுப்பலாமா?

வெள்ளவத்தைக் கிழவன்:
அதே நிமிடம், அதே பாண்ட், ஓரெழுத்துப் பிசகு. நான் என்றால் போடுவேன். கொன்டெஸ்டுக்குக் கொடுத்த லொக்கை மட்டும் தொடமாட்டேன்.

மட்டக்குளி மோர்ஸ்:
நான் போடமாட்டேன். என் லொக்கில் இல்லாத கோல்சைனுக்கு நான் எப்படிக் கையெழுத்து வைப்பது? "லொக்கில் இல்லை, மன்னிக்கவும்" என்று பணிவாக எழுதி, டொலரையும் திருப்பி அனுப்பிவிடுவேன்.

வெள்ளவத்தைக் கிழவன்:
டொலரைத் திருப்புவது சரி. மற்றதில் நீர் சரியான கறார், ஐசே.