முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் கூட்டலாமா?

கேள்வி: பழைய 350 சிங்கிள் சிலிண்டர் வண்டி. நெடுஞ்சாலையில் டாப் கியரில் 4000 ஆர்பிஎம் தொட்டதும் ஹேண்டில்பார், ஃபுட்ரெஸ்ட் எல்லாம் அதிர ஆரம்பிக்கிறது. செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் முன்னால் 16 பல், பின்னால் 38. முன்னால் 17 போட்டால் சரியாகுமா?

பதில்: தாராளமாகப் போடலாம். பின் பல்லை முன் பல்லால் வகுத்த விகிதம் 2.375-லிருந்து 2.235-க்கு இறங்கும், அதே வேகத்துக்குச் சுமார் 3765 ஆர்பிஎம் போதும். பின்னால் குறைத்து இதே பலன் வேண்டுமென்றால் இரண்டு பல்லுக்கு மேல் குறைக்கணும். ஆனால் பின்னால் ஆள் இருந்தால் ஏற்றத்தில் டாப் கியர் இழுக்காது, ஒரு கியர் இறக்கித்தான் ஆகணும்.

இன்னொரு பதில்: வாங்கும் முன் கவரைக் கழற்றி, செயின் கேஸிங்கில் உரசாமல் இருக்க இடம் இருக்கிறதா பாருங்கள். அப்புறம் முக்கியமான விஷயம், நட்டு கழலாமல் பிடிக்கும் லாக் வாஷரின் மடிப்பை நிமிர்த்திவிட்டு, செயின் மாட்டியிருக்கும்போதே ஒருவர் பின் பிரேக்கை மிதித்துப் பிடிக்க, ஸ்ப்ராக்கெட் நட்டைத் தளர்த்திவிடுங்கள், செயின் கழன்ற பிறகு அதோடு மல்லுக்கட்ட முடியாது. சில பழைய வண்டிகளில் அது இடது மரை (வலப்பக்கம் திருப்பினால்தான் தளரும்), பார்த்துத் திருப்புங்கள்.

கேட்டவர்: சரி, ஸ்பீடோமீட்டர்?

பதில்: கேபிள் முன் சக்கரத்திலிருந்து வந்தால் மாற்றமில்லை. கியர்பாக்ஸிலிருந்து வந்தால் உண்மை வேகத்தைவிடச் சுமார் 6 சதவீதம் குறைத்துக் காட்டும்.