கண் துருத்தலுக்கு டிகம்ப்ரஷன்: எந்தச் சுவர், எது முதலில்?

கேள்வி: தைராய்டு கண் நோய். கண் உள்ளே போக இடம் கிடைக்க, கண்குழிச் சுவரின் எலும்பை எடுக்கலாம் (டிகம்ப்ரஷன்) என்கிறார்கள். மாறுகண், இமை ஆபரேஷனை முதலில் முடித்துவிடலாமா? இப்போது இரட்டைப் பார்வை இல்லை.

பதில் 1: வேண்டாங்க. முதலில் டிகம்ப்ரஷன், அப்புறம் மாறுகண், கடைசியில்தான் இமை. கண் உள்ளே போனதும் தசையின் இழுப்பும் இமையின் உயரமும் மாறிவிடும். நோய் அடங்கி 6 மாதமாவது ஆகட்டும். நிறம் மங்கினால் மட்டும் காத்திருக்காதீர்கள். பார்வை நரம்பு நசுங்குகிறது, அது அவசரம்.

பதில் 2: மூக்குப் பக்கச் சுவரை எடுத்தால் கண்ணை அசைக்கும் உள்தசை சைனஸுக்குள் (மூக்கை ஒட்டிய காற்றறை) சரியும், ஆபரேஷனுக்குப் பின் வரும் இரட்டைப் பார்வை பெரும்பாலும் அதனால்தான். கீழ்ச்சுவர் என்றால் கன்னமும் மேலுதடும் மரத்துப்போகலாம். உங்களுக்கு வெளிச்சுவரும் கண்குழிக் கொழுப்பும் மட்டும் எடுத்தால் போதுமா என்று கேளுங்கள். ஒரு சுவருக்குச் சுமார் 2–3 மி.மீ. துருத்தல் குறையும்.

பதில் 3: சைனஸ் பக்கம் திறந்தால் சில வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது, காற்று கண்குழிக்குள் ஏறிவிடும். சிகரெட் உண்டென்றால் இன்றே விடுங்கள்.