ஓ.ஜே. சிம்ப்சன் தீர்ப்பு: ஒரே நொடியில் ஒரு கூட்டம் குதித்தது, இன்னொரு கூட்டம் அழுதது. ஏன்?

மலைக்கோட்டை:
எல்லோருக்கும் வணக்கம். திருச்சியில் சட்டம் படிக்கிறேன், நான்காம் ஆண்டு. சாட்சியச் சட்ட வகுப்பில் ஆசிரியர் ஓ.ஜே. சிம்ப்சன் வழக்கைப் பற்றிச் சொன்னார். அறைக்கு வந்ததும் யூடியூபில் தேடிப் பார்த்தேன். 1995 அக்டோபர் 3, கறுப்பின விளையாட்டு வீரரான சிம்ப்சன் இரட்டைக் கொலை வழக்கில் குற்றவாளி அல்ல என்று தீர்ப்பு வாசிக்கும் நேரம். ஒரு காட்சியில் வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்தின் கறுப்பினச் சட்ட மாணவர்கள் துள்ளி எழுந்து கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். அடுத்த காட்சியில் வெள்ளைக்காரர்கள் வாயைப் பொத்தியபடி உறைந்து நிற்கிறார்கள்.

எனக்கு அந்த மாணவர்கள்தான் புரியவில்லை. சிம்ப்சனின் முன்னாள் மனைவி நிக்கோல் பிரவுன், அவருடைய நண்பர் ரான் கோல்ட்மேன் என்று இரண்டு பேர் குத்திக் கொல்லப்பட்டிருக்கிறார்கள். ரத்தத்தின் டி.என்.ஏ. பொருந்தியிருக்கிறது. அவர்களும் என்னைப் போலச் சட்டம் படித்தவர்கள்தானே? எப்படிக் கொண்டாட முடிந்தது? அந்தச் சமயத்தில் அமெரிக்காவில் இருந்தவர்கள் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

கோர்ட்டு வாசல்:
தம்பி, சட்டத்தின் பக்கத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். குற்றவியல் வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. அங்கே அரசுத் தரப்பின் முக்கியமான சாட்சி மார்க் ஃபர்மன் என்ற துப்பறியும் அதிகாரி. சிம்ப்சன் வீட்டில் ரத்தக் கறையோடு கையுறையைக் கண்டெடுத்தவர் அவர்தான். கறுப்பர்களை இழிவுபடுத்தும் அந்தச் சொல்லைப் பத்து வருடமாகத் தான் சொன்னதே இல்லை என்று சத்தியம் செய்தார். அப்புறம் ஒலிநாடாக்கள் வெளியே வந்தன. அவர் குரலிலேயே அந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. மறுபடி கூண்டில் ஏற்றியபோது, பதில் சொல்லாமலிருக்கும் உரிமையைப் பயன்படுத்திக்கொண்டார். 1996இல் பொய்ச் சாட்சிக் குற்றச்சாட்டை எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டு தண்டனையும் பெற்றார். இப்படிப்பட்ட சாட்சியை வைத்துக்கொண்டு எந்த வக்கீலும் நிம்மதியாகத் தூங்க முடியாது.

1997இல் சிவில் வழக்கில் அதே சிம்ப்சன்தான் பொறுப்பு என்று தீர்ப்பாகி, 3 கோடியே 35 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தார்கள். அங்கே நிரூபிக்க வேண்டிய அளவே வேறு. மக்கள் ஏன் பிரிந்தார்கள் என்பதற்கு இதெல்லாம் பதில் ஆகாது. அதை அங்கே வாழ்ந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

வைகை:
தம்பி, நான் அன்றைக்கு லாஸ் ஏஞ்சல்ஸில்தான் இருந்தேன். நகரத்தின் தெற்குப் பக்கம் ஒரு மருத்துவமனையில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். இப்போது ஓய்வு பெற்று மதுரைக்கே வந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாக எழுதுவேன்.

முடிவுக்கு வந்துவிட்டோம் என்று ஜூரி, அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்த 12 பொதுமக்கள், திங்கட்கிழமையே சொல்லிவிட்டது. மறுநாள் காலை 10 மணிக்கு வாசிக்கலாம் என்று நீதிபதி ஈட்டோ நிறுத்திவைத்தார். அந்த ராத்திரி எங்கள் வீட்டில் யாருக்கும் சரியாகத் தூக்கம் இல்லை. மூன்று வருடத்துக்கு முன் கலவரத்தில் எரிந்த கடைகளின் மனைகள், நான் வேலைக்குப் போகும் வழியில் வேலி போட்டு அப்படியே கிடந்தன. இன்றைக்குப் போக வேண்டாமே என்றார் வீட்டுக்காரர். போனேன்.

காலை பத்து மணி எங்களுக்கு வேலை குவியும் நேரம். விடியற்காலையில் வார்டுகளில் எடுத்த ரத்தத்துக்கு ரிசல்ட் கேட்டு வரிசையாகப் போன் வரும். அன்றைக்கு ஒரு போன்கூட வரவில்லை. சென்ட்ரிஃப்யூஜ் சுற்றும் சத்தம் மட்டும்தான். காத்திருப்பு அறை டிவியை யாரோ வாசல் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். எங்கள் சூப்பர்வைசர் கறுப்பினப் பெண்மணி, ஐம்பதைத் தாண்டியவர், சின்ன வயதில் லூசியானாவிலிருந்து குடும்பத்தோடு வந்தவர். எனக்குப் பக்கத்து மேசையில் ஒரு வெள்ளைக்காரப் பெண், என் வயதுதான். நாங்கள் மூவரும் வருடக்கணக்காக ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். என் எலுமிச்சம்பழச் சோறு என்றால் இரண்டு பேருக்கும் உயிர்.

கோர்ட்டு கிளார்க் சிம்ப்சனின் முழுப் பெயரை வாசிக்கும்போது நாக்குத் தடுமாறியது. குற்றவாளி அல்ல என்றார். காரிடாரில் ஸ்ட்ரெச்சர் தள்ளும் பையன்கள் கத்திக் கைதட்டினார்கள். சூப்பர்வைசர் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி வெள்ளைக் கோட்டின் நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். என் பக்கத்து மேசைப் பெண் கையுறையை உரித்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு எழுந்து போனார். அன்று மதியம் சாப்பிட வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

இதில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, சூப்பர்வைசருக்குச் சிம்ப்சனைப் பிடிக்கவே பிடிக்காது. அமெரிக்கக் கால்பந்தில் பெயர் வாங்கி, கார் வாடகை விளம்பரத்தில் விமான நிலையத்தில் ஓடி, பிரென்ட்வுட்டில் பணக்கார வெள்ளைக்காரர்களுக்கு நடுவில் வீடு வாங்கிக்கொண்ட மனிதர். எங்கள் தெருப் பக்கம் அவர் எட்டிக்கூடப் பார்த்ததில்லை என்பார். மனைவியை அடித்த வழக்கில் 1989இல் சிம்ப்சன் குற்றச்சாட்டை எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டதும் சூப்பர்வைசருக்குத் தெரியும். ஆகவே அந்தக் கண்ணீர் சிம்ப்சனுக்காக வந்ததில்லை.

ஒரு வாரம் கழித்து நானே கேட்டேன். அவர் சிம்ப்சனைப் பற்றிப் பேசவே இல்லை. லட்டாஷா ஹார்லின்ஸைப் பற்றிச் சொன்னார். 15 வயதுப் பெண். 1991 மார்ச்சில் தெற்கு லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு கடைக்கு ஆரஞ்சு ஜூஸ் வாங்கப் போனாள். விலை 1 டாலர் 79 சென்ட், கையில் 2 டாலர் வைத்திருந்தாள். திருடுகிறாள் என்று கடைக்கார அம்மா சட்டையைப் பிடிக்க, கைகலப்பு ஆகி, அவள் ஜூஸை மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பும்போது பின்தலையில் சுட்டார். கடையின் கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. ஜூரி குற்றவாளி என்றது, 16 வருடம் வரை தண்டனை தரலாம். நீதிபதி ஒரு நாள்கூடச் சிறை தரவில்லை. நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூக சேவை, 500 டாலர் அபராதம். அந்தத் தண்டனை சரியென்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன அடுத்த வாரமே ராட்னி கிங் தீர்ப்பும் வந்தது. கிங் கறுப்பினத்தவர், போலீஸ்காரர்கள் அவரைத் தடியால் அடித்த அடியை உலகமே வீடியோவில் பார்த்தது. நான்கு போலீஸ்காரர்கள்மீதான வழக்கை, வெள்ளையர் அதிகமாக வாழ்ந்த சிமி வேலிக்கு மாற்றினார்கள். ஜூரியில் கறுப்பர் என்று ஒருவரும் இல்லை. 1992 ஏப்ரல் 29 அன்று, ஒருவர்மீதான ஒரே ஒரு குற்றச்சாட்டில் மட்டும் ஜூரிக்குள் முடிவு எட்டவில்லை, மற்ற எல்லாவற்றிலும் விடுதலை. அதற்குப் பிறகு ஊர் எரிந்ததில் 60 பேருக்கு மேல் செத்தார்கள்.

அவருடைய மகனைப் போலீஸ் நிறுத்திய கதையையும் அன்றைக்குத்தான் சொன்னார். காரை விட்டு இறக்கி, நடைபாதையில் குப்புறப் படுக்கவைத்து, கையைத் தலைக்குப் பின்னால் வைக்கச் சொல்லி, சோதித்துவிட்டு, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். பையனுக்கு அப்போது 17 வயது. வீட்டுக்கு வந்து சட்டையைத் தானே துவைத்திருக்கிறான். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்படி வாழ்ந்தவர், போலீஸ்காரர் ஒருவர் கூண்டில் பொய் சொல்லிப் பிடிபட்டதைப் பார்த்தபோது, இதைத்தானே இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்றுதான் நினைத்தார். என் பக்கத்து மேசைப் பெண் தன் வாழ்நாளில் போலீஸை உதவிக்குத்தான் கூப்பிட்டிருக்கிறார். அவர் பார்த்தது இரண்டு சடலங்களையும், ரத்தத்தையும், போலீஸுக்குப் போன் செய்து முன்னாள் கணவன் கதவை உடைப்பதாகச் சொன்ன நிக்கோலின் குரலையும். டிவி ஒன்றுதான். ஒருவர் சிம்ப்சனின் விசாரணையைப் பார்த்தார், மற்றவர் லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸின் விசாரணையைப் பார்த்தார்.

மலைக்கோட்டை:
அம்மா, இதை எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. ஆனால் ரத்தச் சாட்சியம்? நீங்கள் அந்தத் துறையிலேயே இருந்தவர். உங்களுக்கு என்ன தோன்றியது?

செங்கல்பட்டு:
மன்னிக்கவும், நான் உடன்படவில்லை. 12 ஜூரர்களில் 9 பேர் கறுப்பர். எட்டு மாத விசாரணைக்கு நான்கு மணி நேரம்கூட விவாதிக்கவில்லை. தீர்ப்பு முடிந்ததும் ஒரு ஜூரர் முஷ்டியை உயர்த்திக் காட்டினார். அந்த ஜூரியில் இருந்த ஒரு பெண்மணியே பல வருடம் கழித்து, இது ராட்னி கிங்குக்குப் பதிலடி என்று பேட்டி கொடுத்திருக்கிறார். போலீஸ் செய்த அநியாயத்துக்கு நிக்கோலும் கோல்ட்மேனும் எப்படிப் பொறுப்பாவார்கள்?

வைகை:
செங்கல்பட்டு ஐயா, அந்தப் பேட்டியை நானும் பார்த்தேன். மனசு கனத்துவிட்டது. கோல்ட்மேனின் அப்பா கோர்ட்டில் அழுததை மறக்க முடியாது. 25 வயதுப் பையன், ஹோட்டலில் மறந்துவிட்டுப் போன கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில் செத்தான். நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் அந்த ஜூரியில் இரண்டு வெள்ளைக்காரர்களும் ஒரு ஹிஸ்பானியரும் இருந்தார்கள், 12 பேரும் ஒத்துப்போனால்தான் தீர்ப்பு. அப்புறம், சீக்கிரம் முடித்தார்கள் என்பது கறுப்பர்மேல் மட்டும் வரும் புகாராக இருக்கக் கூடாது. 1955இல் மிசிசிப்பியில் 14 வயது எம்மெட் டில்லைக் கொன்றவர்களை, முழுக்க வெள்ளையர் உட்கார்ந்த ஜூரி 67 நிமிடத்தில் விடுவித்தது. சில மாதத்தில் கொன்றவர்களே பத்திரிகையில் ஒப்புக்கொண்டார்கள். எங்கள் சூப்பர்வைசருக்கு டில்லைவிட மூன்று வயதுதான் குறைவு.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் பக்கத்து ஊரான ஆர்ட்டீசியாவில் எங்கள் தமிழ் நண்பர்கள் வீட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமை விருந்து. எல்லோரும் நீங்கள் சொன்னதைத்தான் சொன்னார்கள், இனம் இனத்தோடு சேர்ந்துகொண்டது என்று. நானும் தலையாட்டினேன். எங்கள் பிள்ளைகளில் ஒருவரையும் யாரும் நடைபாதையில் படுக்கவைத்ததில்லை. அந்த வித்தியாசம் அந்த மேசையில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

தம்பி, ரத்தத்துக்கு வருகிறேன். சிம்ப்சன்தான் செய்தார் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். அத்தனை இடத்தில் கிடைத்த டி.என்.ஏ. தற்செயலாக வராது. ஆனால் சிம்ப்சனிடம் எடுத்த ரத்தக் குழாயைத் துப்பறியும் அதிகாரி உடனே பதிவு செய்து லேபில் ஒப்படைக்கவில்லை. கையோடு எடுத்துக்கொண்டு, பல மைல் தள்ளி இருந்த சிம்ப்சன் வீட்டுக்கே போனார். சாட்சியம் சேகரித்துக்கொண்டிருந்த இடத்துக்கே! எடுத்த அளவுக்கும் கணக்கில் இருந்த அளவுக்கும் ஒன்றரை மில்லி வித்தியாசம் என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொண்டது. நிக்கோல் வீட்டுப் பின்வாசல் கேட்டில் இருந்த ரத்தத்தை எடுத்ததே ஜூலை 3, கொலை நடந்து மூன்று வாரம் கழித்து. ரத்தத்தை யாரும் வைத்தார்கள் என்று நான் நம்பவில்லை. ஆனால் என் கைக்கு அப்படி ஒரு சாம்பிள் வந்தால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

இதை ஒருநாள் சூப்பர்வைசரே எனக்குக் காட்டினார். வார்டிலிருந்து ஊதா மூடிக் குழாய் ஒன்று லேபிள் இல்லாமல் வந்தது. உள்ளே சிவப்பாக, நல்ல ரத்தம், உறையவில்லை. இன்னாருடையதுதான் என்று நர்ஸ் போனில் சத்தியம் செய்கிறார். குழாயை வெளிச்சத்தில் பிடித்தபடி, இதற்கு நீ ரிசல்ட் கொடுப்பாயா என்று கேட்டார். மாட்டேன் என்றேன். அந்த 12 பேரும் அதைத்தான் சொன்னார்கள் என்றார்.

நான் பதில் சொன்னேன். குழாயைத் தூக்கிப் போட்டால் நாம் மறுபடி போய் ரத்தம் எடுக்கலாம், அந்த வழக்கில் மறுபடி எடுக்க முடியாதே என்று. ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை விசாரிக்க முடியாது இல்லையா. அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், அதனால்தான் முதல் தடவையே ஒழுங்காக எடுத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் குழாயை மஞ்சள் வாளியில் போட்டார்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். எங்களிடம் ரத்தம் எடுக்கும் வேலையில் ஒரு கறுப்பினப் பெண் இருந்தார். புருஷன் அடிப்பார், கையில் தழும்பு இருக்கும். தீர்ப்பு அன்று அவரும் கைதட்டவில்லை. கழிப்பறையில் போய் அழுதார். அவர் எந்தப் பக்கம் என்று எந்தக் கேமராவும் கேட்கவில்லை. அந்த யூடியூப் காட்சியில் அவரைப் போன்றவர்கள் இல்லை, எங்கள் சூப்பர்வைசரைப் போலக் கண்ணாடி துடைத்தவர்களும் இல்லை.

கோர்ட்டு வாசல்:
அம்மா சொன்ன அந்தக் குழாய்ச் சம்பவத்தை என் ஜூனியர்களுக்குச் சொல்லப் போகிறேன். ஒரு தகவல்: 2015இல் வாஷிங்டன் போஸ்டும் ஏபிசியும் எடுத்த கருத்துக்கணிப்பில், வெள்ளையரில் 83 சதவீதமும் கறுப்பரில் 57 சதவீதமும் சிம்ப்சன் குற்றவாளியாக இருக்கலாம் என்றார்கள். தீர்ப்பு வந்த காலத்தில் கறுப்பர்களில் பெரும்பாலோர் விடுதலை சரி என்றே சொன்னார்கள். 2024 ஏப்ரலில் சிம்ப்சனும் புற்றுநோயில் இறந்துவிட்டார்.

மலைக்கோட்டை:
அம்மா, ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பக்கத்து மேசைத் தோழி திரும்பச் சாப்பிட வந்தாரா?

வைகை:
வந்தார் தம்பி. மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும். டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், அவர் வந்து தன் பழைய நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். சூப்பர்வைசர் பேசாமல் எலுமிச்சம்பழச் சோற்றை அவர் பக்கம் தள்ளினார். அதற்கப்புறம் ஒன்பது வருடம் ஒன்றாகச் சாப்பிட்டோம். அந்த வழக்கைப் பற்றி மூவரும் சேர்ந்து ஒருநாளும் பேசியதில்லை.