வீடு விற்பனை: "கமிஷனே வேண்டாம்" என்னும் தரகரை நம்பலாமா?

கேள்வி:
மதுரை ஆனையூரில் அப்பா கட்டிய வீட்டை விற்க நானும் தங்கையும் முடிவு செய்திருக்கிறோம். இருவரும் சென்னையில் இருப்பதால், பார்க்க வருபவர்களுக்குக் கதவைத் திறந்துவிடவாவது உள்ளூரில் ஒரு தரகர் வேண்டியிருக்கிறது. 60 லட்சம் எதிர்பார்க்கிறோம். ஒருவர் இரண்டு விழுக்காடு கேட்கிறார். இன்னொருவர், "கமிஷனே வேண்டாம், உங்கள் கைக்கு 55 வந்தால் போதும் என்று சொல்லிவிடுங்கள், மேலே வருவது என்னுடையது" என்கிறார். கூடவே அலைச்சல் மிச்சம் என்று பவர் பத்திரமும் (எங்கள் சார்பில் அவரே விற்கும் அதிகாரம்) எழுதித் தரச் சொல்கிறார். யாரிடம் கொடுக்கலாம்?

பதில் 1:
60 லட்சத்துக்கு இரண்டு விழுக்காடு என்பது 1,20,000 ரூபாய். இரண்டாமவர் அதே விலைக்கு விற்றால் அவருக்குக் கிடைப்பது 5 லட்சம், அதாவது எட்டு விழுக்காட்டுக்கும் மேல். கமிஷன் வேண்டாம் என்பவர்தான் அதிகம் கேட்கிறார். பவர் எழுதிக் கொடுத்துவிட்டால் வீடு என்ன விலைக்குப் போனது என்பதே உங்களுக்குத் தெரியாமல் போகலாம்.

பதில் 2:
ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் உள்ள முகவராகப் பார்த்துக் கொடுங்கள். அது இல்லாதவர் தரகு செய்யவே கூடாது.

பதில் 3:
மேலே சொன்னதில் ஒரு சிறு திருத்தம். 2016-ஆம் ஆண்டு ரெரா சட்டம் முகவர் பதிவைக் கட்டாயமாக்குவது, ஆணையத்தில் பதிவான புதிய மனைப்பிரிவுகளையும் அடுக்குமாடி வீடுகளையும் விற்பதற்குத்தான். பழைய தனி வீட்டுக்கு அது பொருந்தாது. எண் இருந்தால் நல்லது, இல்லை என்பதற்காக ஒருவரை ஒதுக்கவும் வேண்டாம்.

தரகுக்கு இவ்வளவுதான் என்று சட்டம் எதையும் நிர்ணயிக்கவில்லை, எல்லாம் பேச்சுதான்; ஆகவே விழுக்காட்டைக் குறைப்பதைவிட, வாங்குபவரிடமும் தரகர் கமிஷன் பெறுகிறாரா என்பதையும், பணம் எப்போது தரவேண்டும் என்பதையும் முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்வது முக்கியம். திருச்சியில் எங்கள் வீட்டை விற்றபோது ஒரு தரகர் இரு பக்கமும் வாங்கியதோடு, முன்பணம் கைமாறிய அன்றே முழுத் தொகையையும் கேட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். வாங்க வந்த பார்ட்டிக்கு வங்கிக் கடன் கிடைக்காமல் கிரயம் நின்றுபோனதும், தரகர் ஆளையே காணோம். கிரயப் பத்திரம் பதிவாகும் நாளில், சார் பதிவாளர் அலுவலகத்தில் வைத்துத் தருவதாகப் பேசுங்கள். வங்கி வழியாகக் கொடுத்து ரசீது வாங்கினால், வரிக்காக மூலதன ஆதாயத்தை (விற்றதில் வந்த லாபத்தை) கணக்கிடும்போது விற்பனைச் செலவாகக் கழிக்கலாம். முன்பணத்தைத் தரகர் கையில் ரொக்கமாகப் பெறவிடாதீர்கள்; சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2015 முதல் தடை செய்திருக்கிறது.

மூலப் பத்திரத்தின் நகலை மட்டும் கொடுங்கள். வில்லங்கச் சான்றை நீங்களே இணையத்தில் எடுத்துவிடலாம். முன்சுவரில் தன் கைப்பேசி எண்ணைப் பெயிண்டால் எழுதவும் விடாதீர்கள். எங்கள் வீட்டில் அதை அழிக்க இரண்டு முறை வெள்ளையடிக்க வேண்டியிருந்தது.

கேட்டவர்:
மிக்க நன்றி. முதலாமவரிடம் பேசினேன், ஒன்றரை விழுக்காட்டுக்கு இறங்கி வந்து, பதிவன்று வாங்கிக்கொள்வதாக ஒப்புக்கொண்டார். சாவியைப் பக்கத்து வீட்டு அத்தையிடமே வைத்திருக்கிறோம்.